படலையைத் திற, வண்டியை எடு!

உன் வண்டி சின்னது என்று உனக்கு யார் சொன்னது, தம்பி?

கைபேசித் திரையில் பார்க்கிறாய். பனிமலைக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர். அவருக்குக் கீழே ஆளுயர வண்டி, இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டிகள், கரடுமுரடான பெரிய ரயர்கள். பார்த்து முடித்ததும் படலையடியில் நிற்கிற உன் ஸ்ப்ளெண்டரின் மேல் கண் போகிறது. ஒரு பெருமூச்சு. "அப்படி ஒரு வண்டி வாய்க்கட்டும், அப்ப போவம்" என்று உள்ளே போய்ப் படுத்துவிடுகிறாய். அந்தப் பெருமூச்சோடுதான் எனக்குச் சண்டை. அதை உன் நெஞ்சிலிருந்து பிடுங்கி எறியும்வரை நான் ஓயப்போவதில்லை.

உரும்பிராய்ச் சந்தியில் ஒரு பின்னேரம் நின்று பார். பலாலி வீதியால் போகிற மோட்டார் சைக்கிள்கள் என்ன? நூறு, நூற்றிருபத்தைந்து, நூற்றைம்பது சீசி. ஸ்ப்ளெண்டர், சீரீ 100, டிஸ்கவர், பல்சர். எல்லாம் தார் வீதிக்கென்று செய்தவை. ஆனால் அவை தார் வீதியிலா வாழ்கின்றன? செம்மண் தோட்டத்து வரம்பால் இறங்குகின்றன. வாழைக்குலையும் வெங்காயச் சாக்கும் சுமக்கின்றன. மாரியில் முழங்கால் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையால் பிள்ளையை ரியூசனுக்குக் கொண்டுபோகின்றன. கல்லும் குழியும் தண்ணீரும் அந்த வண்டிகளுக்குப் புதிதில்லை. தூரம் மட்டும்தான் புதிது. தூரம் என்பது இன்று ஓடிய ஐம்பது கிலோமீற்றருக்குப் பிறகு இன்னொரு ஐம்பது. அதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

மலை ஏறுகிற பெரிய வண்டியின் கணக்கைக் கொஞ்சம் பார். பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜி.எஸ். பெற்றோல் நிரப்பி நிற்கும்போது 249 கிலோ. உன் ஸ்ப்ளெண்டர் ஏறத்தாழ 110 கிலோ. சேற்றில் சரிந்தால் எதை நீ தனியே நிமிர்த்துவாய்? ஒரு சின்னத் தோணியில் ஏற்ற வேண்டுமென்றால் எதை இரண்டு பேர் தூக்கி வைப்பார்கள்? உன் வண்டி ஒரு லீற்றருக்கு அறுபது கிலோமீற்றர் ஓடுகிறது. தாங்கி நிரம்பினால் ஐந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்டப் போகும். கிளச் வயர் அறுந்தால் மாங்குளத்திலும் கிடைக்கும், மொனராகலையிலும் கிடைக்கும். அந்தப் பெரிய வண்டி பழுதானால் கொழும்புக்கு லொறி பிடிக்க வேண்டும். உன் வண்டியின் குறை என்று நீ எண்ணியது எது? அதன் எளிமை. நெடும்பயணத்தில் அந்த எளிமைதான் உன்னை ஊர்கொண்டு வந்து சேர்க்கும்.

இன்னொன்றும் கேள். ஸ்ப்ளெண்டரின் எஞ்சின் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1958 இல் ஜப்பானில் பிறந்த ஹொண்டா கப் வண்டியின் படுக்கை எஞ்சின் வழியில் வந்தது அது. ஜப்பானில் தபால் கொண்டுபோன எம்.டி. 90 உம் அதே குடும்பம். அந்தக் குடும்பத்துச் சீ 90 ஒன்றில் ஏறி, எட் மார்ச் என்ற ஆங்கிலேய இளைஞர் மலேசியாவிலிருந்து இங்கிலாந்துவரை ஓடிப் போனார். நீ பால் வாங்கப் போகிற வண்டியின் ஒன்றுவிட்ட சகோதரம் ஆசியாவைக் கடந்திருக்கிறது. இனி அதைப் பார்க்கும்போது பெருமூச்சு விடாதே.

பெரிய எஞ்சின் வேண்டும், வெளிநாட்டு வண்டி வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் விசாகப்பட்டினத்துப் பரத்வாஜ் தயாளாவை நினைத்துப் பார்க்கட்டும். 2006 ஏப்ரலில் அவர் புறப்பட்டார். அவர் ஏறியது ஹீரோ ஹொண்டா கரிஸ்மா. 223 சீசி. நகரத்து இளைஞர் தார் வீதியில் விரைந்து ஓடவென்று இந்தியாவில் செய்த வண்டி. பாலைவனத்தை மனதில் வைத்து அதில் ஒரு ஆணியும் அடிக்கப்படவில்லை. அதில்தான் அவர் ஐந்து கண்டங்கள், 16 நாடுகள், ஏறத்தாழ 47,000 கிலோமீற்றர் ஓடினார். இந்தியாவில் செய்த மோட்டார் சைக்கிளில் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் என்ற பெயரோடு திரும்பி வந்தார். அவருக்கும் ஆயிரம் பேர் "இந்த வண்டியிலா?" என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் இன்றும் விசாகப்பட்டினத்துக் கடற்கரையில்தான் நின்றிருப்பார்.

லண்டனிலிருந்து 1973 ஒக்ரோபரில் டெட் சைமன் என்பவர் கிளம்பும்போது வயது நாற்பத்திரண்டு. ஏறியது ட்ரயம்ப் டைகர் 100, ஐந்நூறு சீசி வீதி வண்டி. நான்கு ஆண்டுகளில் ஒரு இலட்சம் கிலோமீற்றர் கடந்தார். அந்த வண்டி வழியில் எத்தனையோ முறை நின்றது. நின்ற இடத்தில் கழற்றினார், திருத்தினார், போனார். ஒல்லாந்துக்காரர் சியாக் லுக்காசன் அதற்கும் மேலே போய், பந்தயத் திடலுக்கென்று வார்த்தெடுத்த யமஹா ஆர் 1 வண்டியை மணலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இழுத்துக்கொண்டு இரண்டு இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் உலகெல்லாம் ஓடினார். எந்த வண்டி எங்கே போகலாம் என்று தீர்மானிப்பது விளம்பரப் பலகை இல்லை. அதன் மேல் இருக்கிறவர்.

தங்கச்சி, நீயும் கேள். "பொம்பிளைப் பிள்ளை, ஸ்கூற்றியில் கோயிலுக்கும் வேலைக்கும் போனால் காணும்" என்று உனக்கு எல்லை கீறி வைத்திருக்கிறார்கள். 1973 இல் ஆன்-பிரான்ஸ் டோட்வில் என்ற பிரெஞ்சுப் பெண் கவாசாகி 125 ஒன்றில் தனியாக உலகைச் சுற்றினார். நூற்றிருபத்தைந்து சீசிதான்! வழியில் ஆப்கானிஸ்தானும் இருந்தது. 1982 இல் எல்ஸ்பெத் பியர்ட் கட்டடக்கலைப் படிப்பின் நடுவே, பழைய பி.எம்.டபிள்யூ. வீதி வண்டி ஒன்றில் லண்டனிலிருந்து கிளம்பி இரண்டு ஆண்டுகளில் உலகைச் சுற்றி வந்தார். பக்கத்து நாட்டில், ஹுப்ளியைச் சேர்ந்த கேண்டிடா லூயிஸ் 2018 இல் பஜாஜ் டொமினாரில் பெங்களூரிலிருந்து சிட்னிவரை போனார். யாழ்ப்பாணத்து வீதிகளில் விடியற்காலை தொடக்கம் இரவுவரை வண்டி ஓட்டுகிற பெண்களைப் பார். பஸ்ஸும் லொறியும் மாடும் சைக்கிளும் ஒன்றாக நெருக்குகிற கஸ்தூரியார் வீதியில் வண்டி ஓட்டத் தெரிந்த பெண்ணுக்கு மாங்குளத்து நேர் வீதி பயமா?

இப்போது எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன். உனக்கு இது தெரிந்தே ஆக வேண்டும்.

1990 இல் யாழ்ப்பாணத்தின் மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. மின்சாரம் போனது. பெற்றோல் போனது. கிடைத்தால் சின்னப் போத்தல் கணக்கில், வாயில் நுழையாத விலையில். அப்போது எங்கள் ஆட்கள் வண்டிகளைக் கொட்டிலில் பூட்டி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தார்களா? மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்! குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, அதனால் பற்றாது. சூடேறிவிட்டால் ஓடும். இந்தச் சூட்சுமம் உரும்பிராய், நீர்வேலி, கோப்பாய்க் கமக்காரருக்குப் புத்தகம் பார்த்து வந்ததில்லை. தோட்டத்துக்கு இறைக்கிற மெசினைப் பெற்றோலில் தொடக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பழகிய கைகள் அவை. அதே வேலையை மோட்டார் சைக்கிளுக்குச் செய்தார்கள். குழந்தை பால் குடிக்கிற சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் பீச்சி, உதைத்துத் தொடக்கி, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். பின்னால் வெண்புகை, மூக்கைத் துளைக்கிற மணம். ஆனாலும் வண்டி ஓடியது. ஆஸ்பத்திரிக்கு ஓடியது. கிளாலிக் கரைக்கு ஓடியது. வாத்தியாரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது.

உன் அப்பாவும் மாமாவும் அந்தப் புகைக்குள்ளிருந்து வந்தவர்கள். உலகத்துக் கம்பனிகள் செய்யாததை வெறுங்கையால் செய்து காட்டியவர்கள். அவர்களின் பிள்ளையாகிய நீ, தாங்கி நிறையப் பெற்றோலும் சந்திக்குச் சந்தி கராஜும் இருக்க, அலுமினியப் பெட்டி இல்லை என்று வீட்டில் இருக்கிறாய். உரச்சாக்கும் பொலித்தீனும் போதும் பிள்ளை! பழைய ரியூப்பை நாடாவாக வெட்டிக் கட்டு. பாரத்தைப் பின்னால் உயரமாக அடுக்காதே, முன்சில்லு இலேசாகிக் கைப்பிடி தளம்பும். இருக்கையோடு ஒட்டி, தாழ்வாகக் கட்டு. பாக்கி வேலையை உன் தோள் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து வீதி. ஏ9 என்று சாதாரணமாகச் சொல்கிறோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம்வரை 321 கிலோமீற்றர். உன் அம்மாவின் இளமையில் அந்த வீதி இருக்கவில்லை. வரைபடத்தில் இருந்தது, காலுக்குக் கீழே இருக்கவில்லை. ஆனையிறவு பூட்டிக் கிடந்த நாட்களில் சனங்கள் கிளாலிக் கடனீரேரியை இருட்டில் வள்ளத்தில் கடந்தார்கள். கடந்தவர்கள் எல்லாரும் மறுகரை சேரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவில் வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சி எழும்பி, கொட்டுகிற மழையில், சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் அடி அடியாக நகர்ந்தது. உரும்பிராயில் விளக்கெரிந்த வீடு இல்லாமற் போனது. வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் திரும்பவும் பூட்டியது. போர் முடிந்த 2009 க்குப் பிறகுதான் நிலையாகத் திறந்தது. அதன் பின்னும் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இறங்கிப் பொதி அவிழ்த்துக் காட்டி, பெயர் பதிந்து, வரிசையில் நின்று போனவர்கள் உன் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

அதனால்தான் நீ "பயணம் போறன்" என்றதும் அம்மாவின் முகம் மாறுகிறது. அதைக் கோழைத்தனம் என்று நினைத்துவிடாதே. வெளியே போன பிள்ளை திரும்பி வராத வீடுகளுக்கு நடுவே வாழ்ந்தவள் அவள். அவளோடு வாதாடாதே. எந்த ஊரில் தங்குகிறாய், யார் வீட்டில் தங்குகிறாய் என்று எழுதிக் கொடு. ஒவ்வொரு பின்னேரமும் கூப்பிட்டுப் பேசு. நீ கண்டி போய்ச் சேர்ந்து படம் அனுப்புகிற நாளில் அவளுடைய பயத்திலும் கொஞ்சம் கரையும். எங்கள் தலைமுறைக்குப் பூட்டிக் கிடந்த வீதி உனக்குத் திறந்திருக்கிறது. அதில் ஓடாமல் இருப்பதற்கு உன்னிடம் என்ன காரணம் இருக்கிறது?

பழகுவதற்கு நீ எங்கும் போக வேண்டியதில்லை. உன்னைச் சுற்றியே ஒரு பள்ளிக்கூடம் கிடக்கிறது. காற்றுக்கு வல்லைவெளி. சோளகக் காலத்தில் அந்த வெட்டவெளியில் பக்கவாட்டில் அடிக்கிற காற்று வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் இன்னும் தள்ளும். கையைத் தளர்த்தி, முழங்கால்களால் தாங்கியை அணைத்து, உடம்பைக் காற்றுப் பக்கம் கொஞ்சம் சாய்த்துப் போ. மணலுக்கு மணற்காடு. அங்கே முன்சில்லைப் பார்த்தாய் என்றால் விழுவாய். தூரத்தில் பார், இரண்டாம் கியரில் ஒரே சீராக எஞ்சினை இழுக்கவிடு, பாரத்தைப் பின்னுக்குக் கொடு, நடுமணலில் பிறேக்கைத் தொடாதே. ரயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிக்கும். தார் வீதிக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப அடி. கல்லுக்கு நெடுந்தீவு. குறிகட்டுவானில் வண்டியைப் படகில் ஏற்றக் கற்றுக்கொள், அந்தத் தீவின் சுண்ணக்கல் பாதைகளில் கால்தாங்கியில் எழுந்து நின்று ஓட்டக் கற்றுக்கொள். இந்த மூன்றும் கைக்குள் வந்தவனுக்கு அல்லது வந்தவளுக்கு வீதி வண்டி, காட்டு வண்டி என்ற பேதம் இல்லை.

யாழ்ப்பாணம் தராத பாடம் ஒன்று உண்டு: மலை. மேசை போலக் கிடக்கிற குடாநாட்டில் இறக்கம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும்போது 1,868 மீற்றர் உயரத்துக்குப் போகிறாய். ஏறுவது சுகம், உன் வண்டி மூச்சு வாங்கும், இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறும், காற்று மெலிந்து இழுவை சற்றுக் குறையும், அவ்வளவுதான். இறங்குவதில்தான் கவனம் வேண்டும். பிறேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் சூடேறிப் பிடி விட்டுவிடும். ஏறிய கியரிலேயே இறங்கு, எஞ்சின் உன்னைப் பிடித்து வைத்திருக்கும். இறங்கி வரும்போது லயன் வாசலில் வண்டியை நிறுத்து. எங்கள் மொழி பேசுகிற, தலைமுறைகளாகத் தேயிலைக்கு நடுவே உழைக்கிற அந்தச் சனங்களோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடி. அவர்களை முகம் பார்த்துப் பேசாமலே வடக்கில் வாழ்ந்து முடித்தவர்கள் எத்தனை பேர்! சிங்களமும் கொஞ்சம் படித்துக்கொண்டு போ. தம்புள்ளையில் ரயர் ஒட்டுப் போடுகிற மனிதரோடு இரண்டு வார்த்தை அவர் மொழியில் பேசினால், அந்த ஒட்டு காய்வதற்குள் உனக்கு அங்கே ஒரு அண்ணன் கிடைப்பார்.

வண்டி நடுவழியில் கைவிட்டால்? விடட்டும்! 1952 இல் ஆர்ஜென்டினாவிலிருந்து கிளம்பிய இரண்டு இளைஞர்களின் ஐந்நூறு சீசி நோர்ட்டன் சிலி நாட்டோடு மூச்சை விட்டது. அவர்கள் ஊர் திரும்பவில்லை. லொறியில் தொற்றினார்கள், நடந்தார்கள், தெப்பத்தில் போனார்கள், வெனிசுவேலாவரை கண்டம் முழுவதையும் பார்த்தார்கள். அந்த இருவரில் ஒருவர் எர்னெஸ்டோ சே குவேரா. வண்டி செத்த பிறகு நடந்த பாதிப் பயணம்தான் அவரைச் செதுக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆகவே வண்டி நின்றுவிடுமோ என்ற பயத்தை இங்கேயே இறக்கி வை. ஒரு ரியூப், ஒரு பிளக், கிளச் வயர், செயின் லொக், அவற்றைப் பூட்டத் தெரிந்த உன் பத்து விரல்கள். பக்கத்துக் கராஜில் ஒரு சனி, ஞாயிறு போய் நில். கேள், கழற்று, பூட்டு. சில்லைக் கழற்றி ஒட்டுப் போடத் தெரிந்த நாளில் உன் நடையே வேறாகும்.

ஒரு விடயத்தைக் கோபத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சந்திக்குச் சந்தி மின்கம்பங்களில் கட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளைப் பார்க்கிறாய்தானே? இருபது வயது முகங்கள். வேகத்தில் போனவர்கள். வெறும் வீதியில் முறுக்கிப் பறப்பதற்குத் தைரியம் என்று பெயர் வைத்தவர்கள் உன் எதிரிகள். நெடும்பயணக்காரன் ஐம்பது, அறுபதில் போவான், பத்து நாள் போவான், வீடு வருவான். தலைக்கவசத்தின் வாரைப் பூட்டு. பொழுது சாயமுன் வண்டியை நிறுத்து. ஹபரணைப் பக்கம் இருட்டில் வீதி யானைக்குச் சொந்தம். பெருவண்டிக்காகக் கடன் எடுக்காதே. லீசிங் கட்டுவதற்காகவே மாதம் முழுவதும் உழைத்து, அந்த வண்டியைப் பெற்றோல் அடிக்கக் காசில்லாமல் நிறுத்தி வைத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கடனில்லாத ஸ்ப்ளெண்டர் கடனுள்ள எந்தக் குதிரையையும்விடத் தூரம் போகும். அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள். அது உனக்கு நல்லதுதான், ஊர்களுக்குள்ளால் போவாய்.

தீவைச் சுற்றி முடித்த பிறகு கடல் குறுக்கே நிற்கும். நிற்கட்டும். தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் அழித்த பிறகும், எண்பதுகளின் தொடக்கம்வரை இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. போரில் அது நின்றது. 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மீண்டது. பயணிகளைத்தான் ஏற்றுகிறது, உன் வண்டியை ஏற்றாது. வண்டியோடு இந்தியாவுக்குள் போக வேண்டுமென்றால் கார்னே என்ற சுங்கப் பத்திரமும் பிணைப்பணமும் வேண்டும், துறைமுகத்தில் பொறுமையும் வேண்டும். கடினம்தான். தயாளாவும் இதே பத்திரங்களோடு மல்லுக்கட்டித்தான் எல்லைகளைக் கடந்தார். அவர் கடந்ததை நீ கடக்க மாட்டாயா?

1932 இல் லண்டனில் ஒரு விருந்து மேசை. றொபேர்ட் புல்ட்டன் என்ற இருபத்து மூன்று வயது அமெரிக்க இளைஞரிடம், ஊருக்கு எப்போது கப்பலேறப் போகிறாய் என்று கேட்டார்கள். இல்லை, மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றப் போகிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதற்கு முன் அவரிடம் திட்டமும் இல்லை, வண்டியும் இல்லை. அதே மேசையில் டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பனிக்காரர் இருந்தார். வண்டி நான் தருகிறேன் என்றார். சொன்ன சொல்லை இளைஞரால் திருப்பி எடுக்க முடியவில்லை. பதினெட்டு மாதம், ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர், 1933 நத்தாருக்கு முதல்நாள் நியூயோர்க்கில் இறங்கினார்.

நீயும் வாயைத் திறந்து சொல். இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது, திகதியோடு சொல். பருத்தித்துறை முனையில் தொடங்கித் தெய்வேந்திரமுனைவரை, போகும்போது மலையால், வரும்போது மட்டக்களப்பு, திருகோணமலைக் கரையால். உனக்கு வண்டி தர எந்தக் கம்பனிக்காரரும் தேவையில்லை, அது ஏற்கெனவே படலையடியில் நிற்கிறது. அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் பொலித்தீனில் சுற்றி வை. முதல்நாள் செயினுக்கு ஒயில் விட்டு, ரயருக்குக் காற்றுப் பார்த்துவிட்டுப் படு. ஐந்தரைக்குக் கோப்பாய் தாண்டிக் கைதடிப் பாலத்தில் நீ நிற்க வேண்டும். கொடிகாமத்தில் தேத்தண்ணி, ஆனையிறவில் வெயில், மதியத்துக்கு முன் வவுனியா.